நல்ல சீட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. புள்ளியியல்)

எங்கள் வீட்டுக்குள் சீட்டுக்கட்டு நுழைந்ததே இல்லை. ஒருமுறை பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் 'கழுதை' ஆடுவதற்காகக் காது மடங்கிய பழைய கட்டு ஒன்றை எங்கள் திண்ணைக்கு எடுத்து வந்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அப்படியே அடுப்பில் வைத்தாள். ராஜாவும் ராணியும் சுருண்டு கருகுவதை நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு வயது ஏழு.

காரணம், பெரிய மாமா. அம்மாவின் மூத்த அண்ணன். தாத்தா இறந்த பிறகு அம்மாவை வளர்த்து, கல்யாணம் செய்து கொடுத்தவர். அவர் பங்குக்கு வந்த ஐம்பது சென்ட் நிலமும் கிணற்றுப் பாத்தியதையும் 2009-ஆம் ஆண்டு காணும் பொங்கலன்று ஏரிக்கரைப் புளியந்தோப்பில் மூணு சீட்டு ஆட்டத்தில் போயின. கையிலிருந்த ரொக்கம் தீர்ந்ததும், பக்கத்தில் குந்தியிருந்த வட்டிக்காரரிடம் நிலத்தின் பேரைச் சொல்லி வாங்கி வைத்தாராம். பத்திரம் எழுதியது சித்திரையில். என்றாலும் நிலம் போனது அன்றுதான்.

மாமாவின் கையில் அன்று இருந்த சீட்டு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டின் பத்து, ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் ராணி. ஒரே இனத்தில் அடுத்தடுத்து மூன்று. எதிரே இருந்தவர் கடைசியில் மல்லாத்தியது மூன்று நாலு.

இதைச் சொல்லிச் சொல்லி அம்மா, "சீட்டே கெட்டதுடா" என்பாள். எனக்குச் சிறு வயதிலேயே இதில் ஓர் இடறல் உண்டு. மாமாவுக்கு அன்று கெட்ட சீட்டு வந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கவிழ்த்துப் போட்டுவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து, வீட்டுக்கு வந்து கரும்பு தின்றிருப்பார். நல்ல சீட்டு வந்ததால் அல்லவா நிலம் போயிற்று!

இந்த ஆண்டு மலரைப் புரட்டும் பேராசிரியப் பெருமக்கள், 'மாணவன் ஒருவன் சூதாட்டத்தைப் பற்றி எழுதத் துணிந்துவிட்டானே' என்று முகம் சுளிக்க வேண்டாம். வள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அது 94-ஆவது அதிகாரம் என்பதை நானும் அறிவேன். ஆயின் நான் படிக்கும் பாடமே சூதாட்டக்காரன் ஒருவன் கேட்ட ஐயத்தில் பிறந்தது என்பதை என் வகுப்புத் தோழர்கள் முதலாண்டிலேயே படித்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள்தாம் நிகழ்தகவுக்கு அடிக்கல் என்பார்கள். நான் அத்தனை பெரிய இடத்துக்கு வரவில்லை. எங்கள் விடுதி அறையில், நல்ல சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு முறை நான் தோற்ற கதையைச் சொல்ல வந்தேன். அவ்வளவே.

விடுதிக் காப்பாளர் அவர்களும் இதைப் படிப்பார் என்று தெரிந்தே எழுதுகிறேன். நாங்கள் ஆடியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். நடுவில் கிடந்தது புளியங்கொட்டை. சமையற்கூடத்து அண்ணாச்சியே அதற்குச் சாட்சி. கொட்டை எடுத்த வேலையை நாங்கள் அவருக்கு மிச்சப்படுத்தினோம்.

ஆட்டத்தைக் கொண்டுவந்தவர் மூன்றாமாண்டு கணிதம் படிக்கும் அண்ணன். கருத்தரங்கு ஒன்றில் பேசுவதற்காகப் படித்தவர், தனியாக ஆடிப் பார்க்க முடியாது என்பதால் எங்களையும் உட்கார வைத்தார். அவர், நான், விலங்கியல் படிக்கும் நண்பன் ஒருவன், பொருளியல் படிக்கும் நண்பன் ஒருவன் என நால்வர். ஆட்டத்தின் பெயர் லிமிட் போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. பிறகு எல்லாருக்கும் பொதுவாக நடுவில் மூன்று சீட்டை மல்லாத்தி வைப்பார்கள், பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று. கையில் இரண்டும் நடுவில் ஐந்துமாக ஏழில் சிறந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே எண் மூன்று சேர்ந்தால் பெரிது. ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் அதைவிடப் பெரிது. மூன்று ஒன்றும் இரண்டு ஒன்றுமாகச் சேர்ந்தால் அதையும்விடப் பெரிது. இடையிடையே நான்கு பந்தயச் சுற்றுகள்.

'லிமிட்' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் இரண்டு சுற்றில் பந்தயம் இரண்டு கொட்டை. கடைசி இரண்டு சுற்றில் நான்கு கொட்டை. மனம் போனபடி அள்ளி வைக்க முடியாது. ஒரு சுற்றில் ஒரு பந்தயம், அதன்மேல் மூன்று ஏற்றம். அதோடு கதவு சாத்தியாயிற்று. எங்கள் ஊர்ப் புளியந்தோப்பில் இல்லாத கதவு அது. முதல் நாள் அண்ணன் இந்த விதியைச் சொன்னபோதே எனக்கு மாமாவின் நினைவு வந்தது. வரம்பு இருக்கிற ஆட்டத்தில் ஒருவன் எவ்வளவுதான் கெட்டுவிட முடியும் என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் தோல்வி ஆகஸ்டு மாதத்தில்.

என் கையில் இரண்டு எட்டு. நால்வரும் இரண்டிரண்டு கொட்டை போட்டோம். நடுவில் விழுந்தவை இஸ்பேட் ராஜா, இஸ்பேட் எட்டு, டைமன் மூன்று. எனக்கு மூன்று எட்டு ஆயிற்று! காது மடல் சூடானது. விலங்கியல்காரன் இரண்டு கொட்டை கட்டினான். நான் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை; அவன் கட்டியதை மட்டும் கட்டிவிட்டு, ஒன்றுமில்லாதவன்போல முகத்தை வைத்துக்கொண்டேன். பொருளியல்காரனும் கட்டினான். அண்ணன் கவிழ்த்துவிட்டார். அடுத்து விழுந்தது கிளாவர் ஜாக்கி. விலங்கியல்காரன் கட்டாமல் தரையைத் தட்டினான். நானும் தட்டினேன். பொருளியல்காரனும் தட்டினான். ஒரு கொட்டைகூடச் செலவில்லாமல் மூவருக்கும் கடைசிச் சீட்டு விழுந்தது. அது இஸ்பேட் ஐந்து. இப்போது பொருளியல்காரன் கட்டினான். விலங்கியல்காரன் விலகினான். பதுங்கியிருந்த புலியைப்போல நான் ஏற்றினேன். அவன் மேலும் ஏற்றினான். நான் கட்டிப் பார்த்தேன். இஸ்பேட் ஏஸ், இஸ்பேட் ஆறு. நடுவிலிருந்த மூன்று இஸ்பேடோடு ஐந்து ஆயிற்று அவனுக்கு.

"சோதனைடா, கடைசிச் சீட்டுல வந்துட்டான்" என்றேன்.

அண்ணன் சீட்டுகளைத் திரும்ப அடுக்கினார். "அவன் வரல. நீதான் வண்டி வெச்சுக் கூட்டிட்டு வந்த. நாலாவது சீட்டு விழுந்தப்போ நீ ஏன் கட்டல?"

"நான் கட்டியிருந்தாலும் அவன் விடமாட்டானே அண்ணா. அவனும் கட்டியிருப்பான். அதே சீட்டுதான் விழுந்திருக்கும். இன்னும் நாலு கொட்டை சேத்துத் தோத்திருப்பேன்."

"ஆமா, தோத்திருப்ப. ஆனாலும் அந்த நாலு கொட்டையைக் கட்டியிருக்கணும்."

எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. நீங்களும் பாருங்கள். நாலாவது சீட்டு விழுந்த நேரத்தில், என் கை இரண்டு, அவன் கை இரண்டு, நடுவில் நான்கு போக மீதி 44 சீட்டு. அதில் இஸ்பேட் ஒன்பது. அந்த ஒன்பதிலும் மூன்றோ ஜாக்கியோ வந்தால் நடுவில் ஜோடி சேர்ந்து என் கை இன்னும் பெரிதாகிவிடும். ஆகவே அவனைக் கரையேற்றும் சீட்டு ஏழே ஏழு. எனக்கு 37. நான் நாலு கட்டி அவனும் நாலு கட்டியிருந்தால், 44-இல் 37 முறை அவன் நாலு என்னுடையது. 7 முறை என் நாலு அவனுடையது. கூட்டிக் கழித்து வகுத்தால் ஒரு முறைக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் கொட்டை எனக்கு வரவு. அதைத்தான் நான் தரையைத் தட்டித் தள்ளிவிட்டிருக்கிறேன்.

அவன் கட்டுவது அவன் வரையில் நியாயமே என்பதுதான் இதில் வேடிக்கை. நடுவில் ஏற்கெனவே பதினான்கு கொட்டை. என் நாலும் சேர்ந்தால் பதினெட்டு. நாலு கொடுத்துப் பதினெட்டை எட்டிப் பார்க்கலாம் என்றால் யார் விடுவார்கள்? அவன் கண்ணுக்குத் தெரியாத 46 சீட்டில் ஒன்பது அவனுக்கு உதவும் என்று அவன் போடும் கணக்குக்கு அது கட்டுப்படியாகும். வரம்பில்லாத ஆட்டத்தில் ஐம்பது கொட்டையை வைத்து அவனை விரட்டிவிடலாம். லிமிட் ஆட்டத்தில் விரட்ட முடியாது. வாடகை வாங்கலாம். குடியிருப்பவன் இருந்துவிட்டுப் போகட்டும். வாடகையை மட்டும் ஒரு மாதம்கூட விடக் கூடாது. அன்று நான் விட்ட வாடகை திரும்பி வராது. பந்தயத்தின் அளவு கட்டுப்பட்டது என்பதால், ஒரு சுற்றில் தவறவிட்டதை அடுத்த சுற்றில் இரண்டு மடங்காக வைத்து ஈடுகட்ட வழியே இல்லை.

சரி, நான் ஏன் கட்டவில்லை? பொறி வைத்தேன் என்று அன்று எல்லாரிடமும் சொன்னேன். இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோது அது பொய் என்று தெரிந்தது. கையில் நல்லது இருக்கும்போது அதை வெளியே காட்டினால் போய்விடும் என்ற பயம் எனக்குப் பழையது. பத்தாம் வகுப்பில் பள்ளியில் முதலாவதாக வந்தபோது, "தெருவுல போய்ச் சொல்லிட்டுத் திரியாத, கண்ணு பட்டுடும்" என்றாள் அம்மா. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கும் அப்பா, கூலி கூடுதலாக வந்த நாளில் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டுதான் வருவார். இங்கே வகுப்பில் பேராசிரியர் கேள்வி கேட்பார். விடை தெரியும். நாக்கு நுனிவரை வரும். முன்வரிசையில் யாரோ தப்பாகச் சொல்வார்கள். அவர் திருத்திச் சொல்வது நான் வைத்திருந்த விடையாகவே இருக்கும். முதல் பருவம் முழுக்க நான் இப்படித் தரையைத் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இந்த மலரைப் படிப்போரில் பாதிப் பேராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்த வாரத்திலிருந்து நான் ஏற்றத் தொடங்கினேன். ருசி கண்டுவிட்டது. கொஞ்சம் நல்ல சீட்டு வந்தாலும் ஏற்றம். எதிராளி ஏற்றினால் அதற்கு மேல் ஏற்றம். செப்டம்பரில் என் டப்பா நிரம்பி வழிந்தது. பொருளியல்காரன் என்னிடம் கொட்டை கடன் கேட்கும் நிலைக்கு வந்தான். அந்த மாதம் வகுப்பிலும் நான் இரண்டு முறை எழுந்து விடை சொன்னேன் என்றால் சிரிப்பீர்கள். ஒன்று தவறு. பரவாயில்லை.

இரண்டாவது தோல்வி தீபாவளி முடிந்து வந்த ஞாயிறன்று.

கையில் இரண்டு ஒன்பது. நடுவில் ஆட்டின் ராஜா, இஸ்பேட் ஒன்பது, இஸ்பேட் நாலு. மறுபடி மூன்று! இம்முறை பதுங்கவில்லை. முதலிலேயே ஏற்றினேன். விலங்கியல்காரன் ஒருவன் மட்டும் நின்றான். நாலாவதாக டைமன் இரண்டு விழுந்தது. நான் நாலு கட்டினேன். அவன் பேசாமல் கட்டினான். இதுவரை எல்லாம் சரி. அண்ணனும் பிறகு ஒப்புக்கொண்டார். கடைசியாக இஸ்பேட் ஏழு விழுந்தது. நான் கட்டினேன். அவன் ஏற்றினான். நான் மேலும் ஏற்றினேன். அவன் கடைசி ஏற்றத்தையும் வைத்தான். கதவு சாத்தியது. நான் கட்டிப் பார்த்தேன். இஸ்பேட் ராணி, இஸ்பேட் பத்து. அந்த ஒரு சுற்றில் மட்டும் பதினாறு கொட்டை போயிற்று.

"இந்தத் தடவ எட்டோட முடிஞ்சிருக்கணும்" என்றார் அண்ணன்.

"போன தடவ கட்டலன்னு திட்டினீங்க. இந்தத் தடவ கட்டினதுக்குத் திட்டுறீங்க."

"போன தடவ உன் கை பெருசு. இந்தத் தடவ உன் கை சிறுசு."

"ரெண்டும் மூணு சேந்த கைதானே அண்ணா?"

அவர் சிரித்தார். பழைய தேர்வுத்தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். அவன் ஏற்றியபின் நான் மறுபடி ஏற்றினால் என்ன நடக்கும்? அவன் கை என்னுடையதைவிடச் சிறிதானால் நாலு கொட்டை கட்டிப் பார்ப்பான். எனக்கு நாலு வரவு. பெரிதானால் கடைசி ஏற்றத்தையும் வைப்பான். அதற்குள் நடுவில் இவ்வளவு குவிந்திருக்க நான் விட்டுப்போக மாட்டேன், கட்டுவேன். எனக்கு எட்டு செலவு. ஆகவே நான் மறுபடி ஏற்ற வேண்டுமானால், அவன் எந்தெந்தக் கையோடு ஏற்றுவானோ அவற்றில் என்னைவிடப் பெரிய கை ஒன்றுக்குச் சிறிய கை இரண்டாவது இருக்க வேண்டும். அந்த விலங்கியல்காரனோ மூன்று மாதமாக எங்களோடு ஆடுகிறான். கடைசிச் சீட்டு விழுந்தபின் அவன் ஏற்றியது விரல் விட்டு எண்ணக்கூடிய முறைதான். இரண்டு ஜோடி வைத்திருந்தால் நாலாவது சீட்டிலேயே ஏற்றிவிடுகிற பொறுமையில்லாதவன். அப்படிப்பட்டவன் பேசாமல் வந்து, மூன்றாவது இஸ்பேட் விழுந்ததும் ஏற்றுகிறான் என்றால், வேறு என்ன வைத்திருக்கப் போகிறான்?

"சீட்டைப் பாத்து உன் கை பெருசுன்னு சொல்லிடாத. அவன்கிட்ட மிச்சம் இருக்கக்கூடிய கைங்களுக்குப் பக்கத்துல வெச்சுப் பாரு" என்றார்.

நிபந்தனை நிகழ்தகவு என்று முதலாண்டில் ஒரு முழு அலகு படித்து எழுபத்தெட்டு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்றுவரை அது எனக்குக் கறுப்பு வெள்ளைப் பந்துகள் போட்ட பை. பந்துக்கு வாய் கிடையாது. எதிரே இருக்கிறவனுக்கு உண்டு. அவன் ஒவ்வொரு முறை கட்டும்போதும் ஏற்றும்போதும் தன்னிடம் இல்லாத கைகளை ஒவ்வொன்றாக அடித்துக் காட்டிக்கொண்டே வருகிறான். நான் என் மூன்று ஒன்பதையே பார்த்துக்கொண்டு அதைக் கேட்காமல் இருந்தேன்.

அன்றிரவு விளக்கணைத்த பிறகு கைப்பேசி வெளிச்சத்தில் மாமாவின் கையைக் கணக்கிட்டேன். இத்தனை ஆண்டில் யாரும் அதைச் செய்ததில்லை. அவர் மூன்றைக் கழித்தால் 49 சீட்டு. அதிலிருந்து எதிராளிக்கு வரக்கூடிய மூன்று சீட்டுக் கைகள் 18,424. அவற்றில் ஆட்டின் பத்து-ஜாக்கி-ராணியை வெல்லக்கூடியவை: ஒரே எண் மூன்று சேர்ந்தவை 43, ஒரே இனத்தில் அதைவிட உயர்ந்த வரிசைகள் 10. மொத்தம் 53. அதாவது ஏறத்தாழ 348-இல் ஒன்று. சீட்டைக் கையிலெடுத்த கணத்தில் மாமா வைத்திருந்தது மலை போன்ற கை. நிலத்தை வைத்தது பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிற ஊர்க்காரர்கள் எவரும் இந்த எண்ணைப் பார்த்ததில்லை.

ஆனால் ஏழு, எட்டு முறை ஏற்றம் போனபின், நிலத்தின் பேரில் பணம் வந்தபின், எதிரே இருக்கிறவர் இன்னும் ஏற்றுகிறாரே, அவர் கையில் என்ன மிச்சம் இருக்கும்? ஜோடி வைத்திருப்பவன் எப்போதோ எழுந்திருப்பான். வெறும் வரிசை வைத்திருப்பவனும் எழுந்திருப்பான். அந்த அளவுக்கு நிற்பவனிடம் ஒரே எண் மூன்றோ ஒரே இன வரிசையோதான் இருக்க முடியும் என்று வைத்துக்கொண்டால், மாமாவை வெல்பவை 53, சமம் 3, மாமாவுக்குத் தோற்பவை 30. மலை கரைந்து மேடாகி, மேடு பள்ளமாகிவிட்டது. சீட்டு என்னவோ அதே சீட்டுதான். மூணு சீட்டில் இருவர் மட்டும் மிஞ்சினால், காசு கட்டி 'ஷோ' கேட்டு ஆட்டத்தை முடிக்கலாம். மாமா கேட்கவில்லை. நான் மறுபடி ஏற்றியதும் அதேதான். என்னுடையது புளியங்கொட்டை, கதவும் இருந்தது.

அண்ணனின் கருத்தரங்கப் பொருளையும் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 'செஃபியஸ்' என்றொரு கணினி நிரலை எழுதினார்கள். 2015 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இருவர் மட்டும் ஆடும் லிமிட் போக்கரை அது ஏறக்குறைய முழுமையாகத் தீர்த்துவிட்டது; ஒருவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்து ஆடினாலும் அதைவிடத் தாம் தேர்ந்தவர் என்று நம்பிக்கையோடு காட்ட முடியாது என்கிற அளவுக்கு. சீட்டுப் போடும் இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது அது முதல் ஏற்றத்தைத் தயங்காமல் வைக்கும். ஆனால் முதல் சுற்றின் கடைசி ஏற்றத்தை மட்டும், கையில் இரண்டு ஏஸ் இருந்தாலும், ஏறக்குறைய வைப்பதே இல்லை! இரண்டு ஏஸைவிடப் பெரியது முதல் சுற்றில் எதுவும் கிடையாது.

"அப்போ ஆகஸ்டுல நான் பதுங்கினது மட்டும் எப்படித் தப்பு?" என்று மடக்கினேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு தமக்குப் புரிந்ததைச் சொன்னார். அது விடுவது முதல் சுற்றின் சின்னப் பந்தயம் ஒன்றை மட்டும். யாருக்கும் ஓசியில் சீட்டுக் காட்டவில்லை. மூன்றாம் ஆள் எவனும் இல்லை. அடுத்த சுற்றுகளில் கடைசியாகப் பேசுவதும் அதுதான். பந்தயம் இரண்டு மடங்காகும்போது, தன்னிடம் ஏஸ் இருப்பது தெரியாத எதிராளியிடம் அதை வாங்கிக்கொள்ளும். நான் ஒளிந்ததற்குக் கொடுத்த விலை ஒரு பெரிய பந்தயமும் ஓர் ஓசிச் சீட்டும். ஒளிவதா காட்டுவதா என்று பொதுவாகக் கேட்பதே தப்பு. இந்தச் சுற்றில் ஒளிய என்ன விலை என்று கேட்க வேண்டும் என்றார். இந்த விளக்கம் எனக்கு முக்கால் பங்குதான் நிறைவாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

வரம்பு இருந்தால் கெட்டுவிட முடியாது என்ற என் பழைய எண்ணத்தையும் அவர்தான் உடைத்தார். ஆண்டி பீல் என்று டெக்சாஸில் ஒரு வங்கிக்காரர். எண் கோட்பாட்டில் பித்துக் கொண்டவர். அவர் பெயரால் நிறுவப்படாத கருதுகோள் ஒன்றே உண்டு. 2001 முதல் 2004 வரை அவர் லாஸ் வேகாஸுக்குப் போய்த் தொழில்முறை ஆட்டக்காரர்களோடு லிமிட் போக்கர் ஆடினார். பந்தயம் ஒரு லட்சம், இரண்டு லட்சம் டாலர் வரை ஏறியது. எதிராளிகள் பலர் பணத்தைச் சேர்த்துப் பொதுமுதல் போட்டு அவரோடு மோதினார்கள். பந்தயத்தை அந்த உயரத்துக்குக் கொண்டுபோனால், கணக்குத் தெரிந்தவனுக்கும் கை நடுங்கும் என்பது அவர் திட்டம். நல்ல சீட்டை எவ்வளவு ஏற்றுவது என்பது சீட்டை மட்டும் பொறுத்ததன்று. ஒரு கொட்டை அவரவருக்கு என்ன பெறுமானம் என்பதையும் பொறுத்தது. மாமாவுக்கு ஒரு கொட்டை என்பது ஐம்பது சென்ட்.

முதலாண்டில் எங்கள் விடுதியில் சிலர் கைப்பேசியில் காசுக்கு ஆடினார்கள். மாதம் பிறந்து உதவித்தொகை ஆயிரம் ரூபாய் கணக்கில் ஏறிய அன்றே கரைத்தவனையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலில் வைத்தது; 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை சார்ந்தவை என்று கூறிப் பட்டியலிலிருந்து நீக்கியது; 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணையவழிப் பண ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. திறமை இருந்தவனும் அந்த ஆயிரத்தைக் கரைத்தான் என்பது மட்டும் தெரியும். "நீ புள்ளியியல்தானே, உன் பணத்தையும் போடு, ஆளுக்குப் பாதி" என்று என்னையும் அழைத்தான். நான் போகாததற்குக் காரணம் கணக்கல்ல. அம்மா அடுப்பில் வைத்த கட்டு.

பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது சீட்டை எடுத்துப் போகவில்லை. கணக்கெழுதிய தாளை மட்டும் நான்காக மடித்து எடுத்துப் போனேன். மாமா இப்போது பிறத்தியார் நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறார். கைவிட்டுப் போன அந்த ஐம்பது சென்டிலேயே கூலிக்கு மல்லாட்டை பிடுங்கியும் இருக்கிறார். காணும் பொங்கலன்று மாலை திண்ணையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் எடுத்ததில்லை. எப்படித் தொடங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. தாளை விரித்து 348-இல் ஒன்று என்பதை முதலில் காட்டினேன்.

"உங்க கை அவ்வளவு பெருசு மாமா. முதல்ல ஏத்துனது தப்பே இல்ல."

அவர் தாளை வாங்கித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரிந்ததோ என்னவோ, வெகு நேரம் பார்த்தார். பிறகு நான் கீழே எழுதியிருந்த 53, 3, 30 என்ற எண்களை விரலால் தொட்டு, "இது என்ன மாப்ளே?" என்றார்.

சொன்னேன். அவன் ஏழு தடவை ஏற்றியபின் மிச்சமிருக்கிற கைகள் என்றேன். சொல்லும்போதே ஏன் சொன்னோம் என்று ஆகிவிட்டது.

"ம்" என்றார். "ஏழாவது தடவ அவன் ஏத்துனப்பவே எனக்குத் தெரியும்டா."

"தெரியுமா? அப்புறம் ஏன் மாமா ஷோ கேக்கல?"

தெருவில் யார் வீட்டு மாடோ, கொம்பில் புது வண்ணமும் கழுத்தில் சலங்கையுமாகப் போயிற்று. அது முனை திரும்பும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா முடிஞ்சிடும் இல்ல?" என்றார். "அப்படி ஒரு சீட்டு எனக்கு அதுக்கு முன்ன வந்ததில்லடா. அதக் கையில வெச்சிக்கிட்டு எப்படி முடிக்கச் சொல்ற..."

அம்மா தேநீரோடு வந்தாள். தாளைப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ரெண்டு பேரும் என்ன கணக்குப் போடுறீங்க?" என்றாள்.

"காலேஜ் கணக்கு தாயி" என்றார் மாமா. தாளை மடித்த மடிப்பிலேயே திரும்ப மடித்துத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டம்ளரை வாங்கினார்.